இன்று கூடு தூக்காதே, ஜெறோம்!

போன் அலறியது.

குருநகர் வீட்டில் திருவிழாச் சேலை உடுத்திக்கொண்டிருந்த ஜெறோமின் மனைவி ஜெசிதா எடுத்தாள். எதிர்முனையில் டொக்டர் நிஷானி. ஜெறோம் எங்கே என்று கேட்டாள்.

"சேர்ச்சிலை, டொக்டர். ஊர்வலத்துக்குச் சொரூபக் கூடு தூக்குறார்."

"தூக்க விடாதேங்கோ! நேற்று எடுத்த அவரின்ரை ஈ.சி.ஜியை இப்பதான் பாத்தனான். அலை மேலை எழும்பி உடனை கீழை விழுது. இதயத்துக்கு முன்னாலை ஓடுற பெரிய இரத்தக்குழாய் அடைபடப் போகுது."

"அவருக்கு இப்ப நெஞ்சு நோ ஒண்டுமில்லையே..."

"நோ விட்ட பிறகுதான் உந்த அடையாளம் தெரியும். பாரம் தூக்கினாரெண்டால்... முடிஞ்சுது."

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள் ஜெசிதா.

போன வருடம் ஒருவர் கூட்டுக்கு அடியில் மயங்கி விழுந்தார். அதனால் கூடு தூக்குபவர்களில் ஐம்பது தாண்டியவர்கள் ஈ.சி.ஜி கொடுக்க வேண்டும் என்றது சேர்ச்சின் பங்குச் சபை. சபைக்காரர்கள் பெயரைப் பார்த்தார்கள். கோடுகளை யார் பார்த்தார்கள்?

தெருமுனையில் கூடு ஆடி ஆடி வந்தது. இருபது பேர் தோளில் பாரம். வேர்த்து ஊற்ற, ஜெறோமும்!

ஜெசிதா உள்ளே புகுந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சனம் திட்டியது. அவள் அழுதபடியே விஷயத்தைச் சொன்னாள்.

ஜெறோம் தலைகுனிந்தான்.

"அது என்ரை ஈ.சி.ஜி இல்லையப்பா."

"என்ன?"

"கொஞ்ச நாளா நெஞ்சு நோகுது. தம்பி கொலின்ஸுக்கு மட்டும்தான் சொன்னனான். 'தெரிஞ்சால் மறிச்சுப்போடுவினம் அண்ணை, உங்கடை பேரிலை ஈ.சி.ஜிக்கு நான் போய்ப் படுக்கிறன், நீங்கள் பயப்பிடாமல் தூக்குங்கோ' எண்டவன்."

ஜெசிதாவுக்கு விளங்கியது. அண்ணன் சரிந்தால் அப்பாவின் படகு தம்பிக்கு. பாவி, கூட்டைக் கொண்டே கொல்லப் பார்த்திருக்கிறான்!

அப்படியென்றால்... அந்த ஈ.சி.ஜி?

திரும்பினாள். அண்ணன் விட்ட இடத்தில் இப்போது கொலின்ஸ் தோள் கொடுத்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. நெஞ்சைப் பிடித்தான். விழுந்தான்.

"அண்ணி... நேற்று நெஞ்சு நொந்தது, வாய்வெண்டு நினைச்சனான்... காப்பாத்துங்கோ..."

அம்புலன்ஸ் வந்தது. ஜெசிதா முதலில் கொலின்ஸை ஏற்றச் சொன்னாள். பிறகு புருஷனையும் தள்ளி ஏற்றினாள்.

அம்புலன்ஸ்காரர் படிவத்தை எடுத்து, விழுந்தவரின் பெயர் என்ன என்று கேட்டார்.

"கொலின்ஸ். இந்தமுறை அவன்ரை பேரையே போடுங்கோ" என்றாள் ஜெசிதா. "பிழைச்சு எழும்பினால் பொலிசுக்கும் அதே பேர்தான் வேணும்."