இருட்டில் கழன்ற வைரம்

"ஆ...ஆ...ஆ!"

குகைக்குள் அலறல்!

கண்ணெதிரே விரலை நீட்டினாலும் தெரியாத இருட்டு. வெல்டா தடவித் தடவி ஸ்விட்சைப் போட்டாள்.

பளீர்!

சுண்ணாம்புப் பாறைகள் மின்னின. கப்பலிலிருந்து வந்த டூரிஸ்ட் கூட்டம், வெள்ளை ஹெல்மெட்டோடு ட்ராம் வண்டி அருகே திருதிருவென்று விழித்தது.

நடுவில் மிஸஸ் பிக்கரிங். கை வெறும் கழுத்தில்.

"என் வைர நெக்லஸ்! இருட்டுல எவனோ கழட்டிட்டான்!"

வெல்டா இந்தக் குகையின் கைடு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் லைட்டை அணைத்து, 'இதுதாங்க நிஜ இருட்டு' என்று காட்டுவது கைடு வேலையில் ஒரு பகுதி. பார்படோஸ் வெயிலில் கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கைக்கு இந்த வேலை சொர்க்கம்.

மானேஜர் கத்பர்ட் ஓடி வந்தார். தொப்பை முதலில் வந்தது. பின்னால் அவர்.

"லைட்டை அணைச்சது யாரு?"

"நான்தான் சார். தினமும் அணைக்கிறதுதானே..."

"அப்ப எடுத்ததும் நீதான்! போலீஸைக் கூப்பிடுறேன். பேட்ஜைக் கழட்டு!"

வெல்டா பேட்ஜைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். "சார்! என் பையைப் பாருங்க! டிபன் டப்பா இருக்கு... அதுவும் காலி! என் பறவை மீன் வறுவலை இன்னைக்கும் எவனோ தின்னுட்டான்!"

கத்பர்ட் அவசரமாய் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரையும் சோதனை போடணும். அதுவரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது!"

"யோவ், கப்பல் போயிடும்யா!" ஒரு கிழவர் கத்தினார். "என் பல்செட்டு கூட கப்பல்லதான் இருக்கு!"

வெல்டா தன் ஹெல்மெட்டைக் கழற்றினாள். ட்ராம் படியில் மல்லாத்தி வைத்தாள்.

"மறுபடியும் லைட்டை அணைக்கிறேன். எடுத்தவங்க இதுல போட்டுருங்க. போலீஸும் வேணாம், சோதனையும் வேணாம். கப்பலைப் பிடிச்சிரலாம். சரியா சார்?"

"வந்தாச் சரி. வரலைன்னா நீ உள்ள!"

டப்!

இருட்டு.

சொட்... சொட்... தண்ணீர்.

யாரோ நகரும் சத்தம்.

"யாருய்யா என் காலை மிதிக்கிறது?" கிழவர். "ஏதோ ஊறுகாய் வாசம் வருது. பசிக்குதே..."

க்ளிங்!

பளீர்!

ஹெல்மெட்டுக்குள் நெக்லஸ்!

கூட்டம் கை தட்டியது. ஒருத்தர் விசிலே அடித்தார். வெல்டா ஹெல்மெட்டை வாரைப் பிடித்து எட்ட எடுத்துத் தூக்கினாள்.

"யாரும் தொடாதீங்க!"

"கடவுளே... கிடைச்சிருச்சே..." மிஸஸ் பிக்கரிங் தேம்பியபடி கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த நொடி...

"ஐயோ! கண்ணு! எரியுதே! தண்ணி... தண்ணி!"

இந்த அலறலில் நடிப்பே இல்லை!

கண்ணைச் சுற்றி மஞ்சள். விரலெல்லாம் மஞ்சள்.

"என்னம்மா இது?" கத்பர்ட் வாயைப் பிளந்தார்.

"எங்க ஊர் மஞ்சள் மிளகாய் சாஸ் சார். இருட்டானதும் ஹெல்மெட் விளிம்புல ஊத்திட்டேன். நெக்லஸைப் போடுறவங்க இருட்டுல தடவித்தானே போடணும்? மேடம் இன்னும் ஹெல்மெட் பக்கமே வரலையே... கையில எப்படி ஒட்டுச்சு?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மிஸஸ் பிக்கரிங் தண்ணீர் சொட்டும் பாறைக்குக் கீழே முகத்தைக் காட்டிக்கொண்டு துள்ளினாள்.

"தொலைஞ்சிருச்சுன்னு சொன்னா இன்ஷூரன்ஸ்காரன் தருவான்னு... நானேதான் கழட்டி ஸாக்ஸுக்குள்ள வெச்சேன்! போதுமா? யாராவது தண்ணி குடுங்களேன்!"

கிழவர் பாட்டிலை நீட்டினார். "இந்தாம்மா. இனிமே கழுத்துல பாசிமணி போட்டுக்க."

கத்பர்ட் பேட்ஜைத் தானே எடுத்து வெல்டாவின் சட்டையில் குத்தினார்.

"சாஸ் ஏதும்மா?"

வெல்டா அவர் மீசை ஓரத்தில் ஒட்டியிருந்த வறுவல் தூளைத் தட்டிவிட்டாள்.

"மீனைத் திருடினவரு, நல்லவேளை சாஸ் பாட்டிலை விட்டுட்டுப் போயிட்டாரு. இல்லேன்னா இன்னைக்கு நான் ஜெயில் சார்... தேங்க்ஸ்!"