நடுப்பக்கத்து ஈரம்

உக்கிரபாண்டிக்குக் கிராம்பு மணத்தது. மணக்க வழியே இல்லை. கொரோனாக் காய்ச்சலோடு போன வாசனை நாலு வருஷமாகத் திரும்பவில்லை. சற்று முன்பு பாம்பன் தெருவில் இருபுறமும் கருவாடு காய்ந்து கிடந்ததே, அதுகூட அவர் மூக்கில் ஏறவில்லை.

பழைய கெட்டி அட்டைப் புத்தகங்களைத் தரம் பார்த்து விலை சொல்கிறவர் அவர். அந்தத் தொழிலில் கண் பாதி, மூக்கு பாதி. அட்டை பளபளக்கும், முதுகு விறைப்பாக நிற்கும், உள்ளே பூஞ்சை குடியிருக்கும். நடுப்பக்கத்தை விரித்து, தையல் ஓடும் பள்ளத்தில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தால்தான் குட்டு வெளிப்படும். மூக்கு போன சங்கதியை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. முகர்வதுபோல நடித்தே காலத்தை ஓட்டினார். போன மாதம் நடிப்பு கவிழ்ந்தது. சுத்தம் என்று அவர் எழுதிக்கொடுத்த புத்தகங்களிலிருந்து பூஞ்சை பரவி, வாங்கியவரின் அலமாரியே பாழானது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார் உக்கிரபாண்டியை விலை பார்க்க அனுப்பும் புத்தக வியாபாரி. முப்பது வருஷத் தொழில், மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது, விரித்த முதல் புத்தகத்திலேயே கிராம்பு. கூடவே பழைய பசை, உப்புக்காற்று. அவருக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதார்.

அவர் விலை பார்க்க வந்திருந்தது, துபாயில் வேலை பார்க்கும் இஃப்திகாரின் பாம்பன் வீட்டுக்கு. பாட்டனார் சேர்த்த புத்தகங்கள் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் இருந்தன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பிச்சையம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"எல்லாத்தையும் பாக்கணுமாய்யா?"

"பாக்காம எப்படிம்மா எழுதுறது?"

"முன்னாடி வந்தவுகளும் இப்படித்தான் சொன்னாக. மேல்தட்டோட நிறுத்திக்கிட்டா நல்லது." அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு அவள் கொல்லைப்பக்கம் போனாள்.

காபி டம்ளரை ஆசையாக மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. சட்டைக் கையை முகர்ந்தார். ஒன்றுமில்லை. புத்தகத்துக்குள் மட்டும்தான் வாசனை இருந்தது. அந்த நிமிஷமே கிளம்பியிருக்க வேண்டிய மனுஷன்தான். ஆனால் நாலு வருஷம் பட்டினி கிடந்தவனைப் பாதிச் சாப்பாட்டில் எழுந்திரு என்றால் எழுந்திருப்பானா?

அடுத்ததை எடுத்தார். காலிகோ துணி ஒட்டிய அட்டை, முனைகள் மழுங்கல், தையல் உறுதி. உள்ளே மூக்குப்பொடி மணம். அதற்கடுத்ததில் அத்தரும், வெயிலில் நடந்து வந்தவன் கழுத்து வியர்வையும். வேறொன்றில் வெற்றிலை, வாய்ப்புகையிலை, பிடரியில் தேய்த்த தைலம். வெளியே கடல் இரைந்துகொண்டிருக்க, மின்விசிறி கிறீச்சிட்டுச் சுழல, அவர் ஒவ்வொன்றாக விரித்து முகர்ந்து, முகர்ந்ததைச் சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டே போனார். கீழ்த்தட்டு வந்தபோதுதான் பேனா நின்றது.

இதெல்லாம் புத்தக வாசனை இல்லை. ஆட்களின் வாசனை.

நோட்டைத் திருப்பிப் படித்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே குறிப்பைத் தன் கையாலேயே எழுதியிருந்தார்: நடுப்பக்கப் பள்ளத்தில் ஈரக்கறை, இரண்டு, பட்டாணி அளவு, பக்கத்தில் பக்கத்தில். கையில் இருந்த புத்தகத்தையும் பார்த்தார். அதிலும் இரண்டு. அச்சாகி நூறு வருஷம் தாண்டிய அந்தப் புத்தகத்தில் சானிடைசர் வாடை அடித்தது.

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கறைகளின் மேல் வைத்தார். அப்படியே எடுத்துத் தன் மூக்குத் துவாரங்களில் வைத்தார். இடைவெளி சரியாக இருந்தது.

"பிச்சையம்மா!"

கொல்லைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எழுந்தார். பையை எடுத்தார். தட்டில் ஒரே ஒரு புத்தகம் மிச்சம். பச்சை அட்டை. தூசி இல்லை. போய்விடலாம். வாசல் பத்தடி தூரம்தான். வாசலுக்கு அப்பால் கருவாடு மணக்காது, மல்லிகை மணக்காது, சாகும்வரை எதுவும் மணக்காது. ஒரே ஒரு மூச்சு, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விரித்தார். கறை இல்லை. வெள்ளை வெளேரென்ற பள்ளம்.

மூக்கை வைத்தார்.

திருநீறு. தேங்காய் எண்ணெய். சலவைச் சோப்பு. முப்பது வருஷம் புத்தகம் புரட்டிய விரல்கள். வேறு யாருமில்லை. அவரேதான்.

இழுத்த மூச்சை விடப் பார்த்தார். வரவில்லை. தலையை நிமிர்த்தினார். நிமிர்ந்தது. பள்ளத்தில் இரண்டு ஈரப்பொட்டு. வாயைத் திறந்தார். காற்று உள்ளே போகவில்லை.

நெஞ்சைத் தடவிப் பார்த்தார். அசைவில்லை.

கையில் விரிந்திருந்த பக்கம் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.