கூப்பிட்டதும் எழுந்தவள்

வாடிப்பட்டி அரிசி மில்லுக்கு எஞ்சின் ஓட்ட ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பிய முதலாளி, குடியிருக்க வீடும் சும்மா தருகிறேன் என்றார். ஏன் சும்மா தருகிறீர்கள் என்று கேட்கிற அளவுக்குப் புத்தி இருப்பவன் எஞ்சின் ஓட்டப் போக மாட்டான். நான் போனேன்.

யுத்தம் தொடங்கியதற்கு அடுத்த கோடை அது. மாட்டுவண்டியில் ஒரு டிரங்குப் பெட்டி, ஓர் ஆட்டுரல், என் பெண்சாதி, நான். வண்டிக்காரர் எங்களை இறக்கிவிட்டதும் இந்த வரிசையில்தான்.

ரயில்வே லைனைத் தாண்டி, சிறுமலையைப் பார்த்தபடி தனியாக நின்றது அந்தப் பழைய காரை வீடு. உள்ளே நுழைந்ததும் நனைந்த சுண்ணாம்பு வாடை அடித்தது. மழை பெய்து எத்தனையோ மாதமாகியிருந்தது. அடுப்படியின் மேற்குச் சுவரில் என் பெண்சாதி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"வேர்த்துருக்கு மாமா."

"நமக்கே வேர்க்குது. செவுத்துக்கு மட்டும் வேர்க்காதா?"

இப்படித்தான் எனக்குப் பேச்சு வரும். பயம் வந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வரும்.

இங்கே எங்கள் வீட்டுச் சிக்கல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் அக்கா தன் மகளுக்கு எங்கள் அம்மாவின் பெயரை வைத்தாள். அந்த மகளையே எனக்குக் கட்டியும் வைத்தாள். பெற்ற தாயின் பெயரைச் சொல்லி, 'ஏய், சோத்தப் போடு' என்று எப்படி அதட்டுவது? அக்காவுக்கும் அது தன் தாயின் பெயர்தான், அவளாலும் முடியாது. அதனால் பிறந்த நாள் முதல் அவளை எல்லோரும் 'புள்ள' என்றுதான் கூப்பிட்டோம். கல்யாணத்தன்று யாரோ ஒருவர் "சீனியம்மாளக் கூட்டிட்டு வாங்க" என்று சத்தம் போட, பந்தலின் கிழக்கு மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த என் அம்மா எழுந்து வந்துவிட்டாள். அத்தோடு அந்தப் பெயரைப் பந்தலிலேயே விட்டுவிட்டோம்.

மில் எஞ்சின் ஓடுகிற வரைக்கும் அந்தப் பக்கம் முழுக்க அதன் சத்தம் இருக்கும். உச்சிப் பொழுதில் நிறுத்துவேன். நிறுத்தியதும் வரும் அமைதி காதுக்குள் பஞ்சை அடைத்தது போலிருக்கும். காக்கைகூடக் கத்தாது. வெயில் மட்டும் கூரைகளின் மேல் நின்றுகொண்டிருக்கும்.

அப்படி ஒரு நாள் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சோறு அடிப்பிடிக்கிற வாடை. உள்ளே அகப்பை உருண்டு கிடந்தது. மேற்குச் சுவரோரம் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் பாதி மூடியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

எஞ்சின் மூச்சை நிறுத்தினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். பெண்சாதி நிறுத்தினால் தெரியாது. தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தேன். வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தேன். கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்ட ஞாபகத்தில், இடுப்பில் இருந்த ஸ்பானரை அவள் உள்ளங்கையில் திணித்தேன். அது வலிப்புக்குச் செய்கிற வைத்தியம் என்பதும் மறந்துபோயிற்று. விரல்கள் மூடவில்லை. ஸ்பானர் தரையில் விழுந்து கணீரென்றது.

"புள்ள. ஏ புள்ள. எந்திரி புள்ள."

அசைவில்லை.

அவள் காதில் வாயை வைத்தேன். "புள்ள, நீ எந்திரிச்சு வா. ஒன்னயத்தான் கூப்பிடுறேன்."

சுவருக்குள் ஏதோ ஒன்று மெல்ல உரசியது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, "சோத்தத் தீச்சுப்புட்டு மயக்கம்னு நடிக்கிறியா?" என்றேன். வழக்கமாக இதற்குத் தலையில் ஒரு குட்டு விழும். விழவில்லை. அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"கூப்பிட்டீங்களே, அதான் வந்துட்டேன்."

என் அக்கா மகள் என்னை ஒருநாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை. 'மாமா, நீ' என்பாள். கோபம் வந்தால் மாமாவும் போய்விடும்.

அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்குச் சுவரை நோக்கி நடந்தாள். சுவரில் கையை வைத்து, இடுப்பு உயரத்தில், எதையோ தடவித் தடவித் தேடினாள். அங்கே வெறும் வெள்ளைச் சுவர்தான்.

"கொல்லைக் கதவ யாருங்க அடச்சது?"

அந்த வீட்டுக்குக் கொல்லைக் கதவே கிடையாது.

"இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஓடினேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்காது.

பக்கத்து வீடு முனியாயியினுடையது. பக்கம் என்றால் ஒரு புஞ்சையைத் தாண்டி. அவள் புளியமர நிழலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? சோத்துல உப்பு இல்லையா?"

"அவ மயங்கி விழுந்துட்டா."

"ஆத்தி. இப்ப?"

"எந்திரிச்சுட்டா."

"பெறகென்ன?"

"எந்திரிச்சது அவதானான்னு தெரியல."

முறம் நின்றது. "எப்பிடிக் கூப்பிட்ட?"

"எப்பவும் போலத்தான். புள்ளன்னு."

"பேரச் சொல்லலையா?"

"அது எங்க ஆத்தா பேரு."

"ஒங்க மருவாதில மண்ணள்ளிப் போட" என்று அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "முன்ன அந்த வீட்டுல இருந்தவளும் இப்பிடித்தான், தண்ணிக்குப் போறப்ப கொல்ல வாசல்ல மயங்கி விழுந்துட்டா. உச்சிப் பொழுது. புருசன் சந்தைக்குப் போயிட்டான். நாங்க பூராம் வயக்காட்டுல. பொழுது சாயப் பாத்தா சில்லிட்டுப் போச்சு. பெறகுதான் அந்த வாசலையே கல்லு வச்சு அடச்சாக."

"அதுக்கு?"

"மயங்கிக் கெடக்கறவளுக்குக் காது மட்டும் முழிச்சுருக்கும்ணே. யாராச்சும் கூப்பிடுவாகளான்னு கேட்டுக்கிட்டே கெடந்துருப்பா. நீ பாட்டுக்குப் பேரு இல்லாம 'எந்திரிச்சு வா'ன்னா, அம்புட்டு நாளாக் காத்துக் கெடந்தவதான் முந்தி எந்திரிப்பா."

"இப்ப என்ன செய்ய?"

"பேரச் சொல்லிக் கூப்பிடு. அவ வார வரைக்கும் நிப்பாட்டாத."

"நீயும் வாயேன்."

"வாரேன். வாசல் வரைக்கும்."

சொன்னபடியே வாசலில் நின்றுகொண்டாள். நான் உள்ளே போனேன்.

தட்டில் சோறு போட்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் அவள் கையில் தண்ணீர் சொட்டியது. குடம் காய்ந்து கிடந்தது.

"உக்காருங்க. ஆறிப்போகுது."

என் பெண்சாதியின் மூக்குத்தி. என் பெண்சாதியின் மோவாய்த் தழும்பு. அதற்குள்ளிருந்து வேறு யாரோ என்னைப் பிரியமாகப் பார்த்தார்கள். அந்தப் பிரியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சீனியம்மா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாண்ணே" என்றாள் முனியாயி வெளியிலிருந்து.

"சீனியம்மா!"

அவள் விசிறியை நிறுத்தினாள். தன் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"யாரங்க கூப்பிடுறீங்க?"

"எம் பொண்டாட்டிய."

மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும். வீடு முழுக்க என் தாயின் பெயர் எதிரொலித்தது.

அப்போதுதான் கேட்டது.

"மாமா."

சுவருக்குள்ளிருந்து.

"மாமா, வழி எங்கன இருக்கு? ஒண்ணும் தெரியலயே."

நான் சுவரில் போய் விழுந்தேன். ஈரச் சுண்ணாம்பு கன்னத்தில் அப்பியது. அந்தப் பக்கம் ஒரு கை, இடுப்பு உயரத்தில், தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தது.

"சீனியம்மா, சத்தம் வார பக்கம் வா. இங்கிட்டு வா. சீனியம்மா, நாந்தான். சீனியம்மா."

தேடுகிற சத்தம் நெருங்கியது.

நின்றது.

எனக்குப் பின்னால் விசிறி தரையில் விழுந்தது. திரும்பினேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். கண் நிறைந்திருந்தது. பந்தியில் உட்கார்ந்தபின், அழைப்பு பக்கத்து வீட்டுக்கு வந்தது என்று தெரிந்தவளைப் போல ஒரு கூச்சம் அந்த முகத்தில்.

"என்னையத்தான் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். அப்படியே சரிந்தாள். தலை தரையில் படுவதற்குள் பிடித்துவிட்டேன். காதில் வாயை வைத்துப் பெயரைச் சொன்னேன், சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இமை அசைந்தது.

"அம்மாச்சி வந்துருக்கா மாமா?" என்றாள் என் பெண்சாதி. பிறகு முகத்தைச் சுளித்தாள். "எதுக்கு என் மூஞ்சியில வெங்காயம்?"

அன்றைக்கே அந்த வீட்டைக் காலி செய்தோம். மில்லுக்குப் பின்னால், எஞ்சின் கொட்டகையை ஒட்டின அறைக்கு வந்துவிட்டோம். வைத்தியர் ரத்தம் பத்தவில்லை என்று முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னார். சாப்பிடுகிறாள். எனக்கும் போடுகிறாள். மயங்கினது நீ, நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டால் தலையில் குட்டு விழுகிறது. அந்தக் குட்டுக்காகவே கேட்கிறேன்.

இப்போதெல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அம்மா வந்திருந்தபோது, "சீனியம்மா, தண்ணி கொண்டா" என்றேன். அம்மா எழுந்து போய்க் கொண்டுவந்து, "இதுக்காடா ஒன்னயப் பெத்தேன்?" என்று என் முன்னால் நங்கென்று வைத்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்த இன்னொரு சொல்லை என் வாய் மறந்துவிட வேண்டும். தெருவில் யாராவது யாரையாவது 'ஏ புள்ள' என்று கூப்பிட்டால்கூட எனக்கு முதுகு சில்லிடுகிறது.

நேற்று உச்சியில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சீனியம்மாள் முனியாயியோடு கண்மாய்க்குத் துவைக்கப் போயிருந்தாள். நானே போட்டுக்கொண்டேன். அந்தப் பஞ்சு போன்ற அமைதி. எண்ணெயும் உமியும் நாறுகிற அந்த அறையில், நனைந்த சுண்ணாம்பு வாடை வந்தது.

பின்னால் இருந்த சுவர் வேர்த்திருந்தது.

"ஒருவாட்டி கூப்பிடுங்க."

கெஞ்சவில்லை. வழி கேட்பது போல அவ்வளவு பதவிசாகக் கேட்டது குரல்.

நான் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்தான். ஆனால் பயம் மட்டுமில்லை. வாசலில் விழுந்து கிடந்து, ஒரே ஒரு ஆள் கூப்பிடமாட்டானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவள். தெருநாய் பார்த்தாலே கவளத்தை எறிந்துவிடுகிறவன் நான். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

நான் கூப்பிடவில்லை. சத்தியமாகக் கூப்பிடவில்லை.

"பரவாயில்லங்க" என்றது குரல், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து. "நானே வந்துட்டேன்."