ரூத் வீட்டுப் பின்கதவு

பஸ் அந்த முட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது பிற்பகல் இரண்டு மணி. வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. மலைப்பக்கம் காடு எரிந்துகொண்டிருந்ததால் மெல்பர்ன் வானம் கொதித்து ஆறிய தேநீர் நிறத்தில் கிடந்தது. பஸ்ஸில் இருபத்திரண்டு பேர். எல்லோர் மடியிலும் தண்ணீர் பாட்டில், எல்லோர் கையிலும் போன். அந்தச் சனிக்கிழமையும் ஒரு இருக்கை காலியில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு என் யோக்கியதை அவ்வளவுதான்.

தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஸ்டாவ்ரோஸ். மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்த கிரேக்கன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளி எது கேட்டாலும் உடனே பதில் சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் மூன்று எண்ண வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்க மாட்டாமல் அவனே ஒரு படி இறங்கி வருவான். பேச்சு வருவதற்கு முன்பே எனக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது.

இப்போது நான் விற்பது தக்காளி இல்லை, ஒரு தெரு. ‘பாங்க்ஸியா தெரு’ என்று முப்பது வருடமாக மாலை ஆறரைக்கு ஓடும் தொடர். அதன் வெளிப்புறக் காட்சிகளை இங்கேதான் எடுக்கிறார்கள். ஒன்பதாம் எண் வீடு, தொடரில் ரூத்தின் வீடு. ரூத் என்றால் நாட்டுக்கே அம்மா மாதிரி. சிவந்த சுருள்முடி, பூப்போட்ட ஏப்ரன். யார் அழுதுகொண்டு வந்தாலும் “வா கண்ணு, கெட்டில் போட்டாச்சு” என்பாள். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிறது, உட்கார்ந்து பேசு என்று அர்த்தம்.

வெளியே மட்டும்தான் ரூத் வீடு. உள்ளே குடியிருப்பது நொலீன் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ். பழுப்புக் கம்பளம், ஓடாத நடைப்பயிற்சி மெஷின், பூனை நாற்றம். ரூத்தின் சமையலறை இருபது கிலோமீட்டர் தள்ளி ஸ்டூடியோவில், ஒட்டுப்பலகையில் நிற்கிறது. மூன்றே சுவர். மேலே கூரை கிடையாது. பின்கதவைத் திறந்தால் ஒரு முழத்தில் இன்னொரு பலகை. ரசிகர்களிடம் இதையெல்லாம் நாங்கள் சொல்வதில்லை. கனவை விற்பவன் அதன் பின்பக்கத்தைக் காட்டுவானா?

ரூத்தாக நடித்தவள் கோரலி பின்டர். நேரில் நரைத்த கட்டை முடி, கடித்துத் தின்ற நகம், ஓயாத சிகரெட். வண்டி ஓட்டுபவர்களே கற்றுக்கொள்ளும் தரத்தில் கெட்ட வார்த்தை. எனக்கு அவளைப் பிடிக்கும்.

இரண்டு வாரம் முன்பு காலை நிகழ்ச்சி ஒன்றில் அவளிடம், தேசிய தினத்துக்கு வழக்கம்போல ரூத் வீட்டு முற்றத்தில் கறி சுடும் காட்சி உண்டா என்று கேட்டார்கள். கோரலி சொன்னாள்: “வெள்ளைக்காரன் வந்து இறங்கின நாள் அது. இந்த மண்ணோட ஆதிக்குடிங்க அன்னிக்குத்தான் துக்கம் காக்கறாங்க. அவங்க அழற நாள்ல நாம கொடி ஆட்டிக்கிட்டு சாசேஜ் திங்கறது எனக்குக் குமட்டுது. தேதியை மாத்துங்க.”

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் நான் நடத்தும் ரசிகர் பக்கம் கொதித்தது. ‘நாங்கள் வளர்த்துவிட்ட நாய் எங்களையே கடிக்கிறது.’ ‘வாயில் சிமெண்ட் ஊற்றுங்கள்.’ எல்லாவற்றுக்கும் நடுவே ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: ‘ரூத் இப்படிச் சொல்லவே மாட்டாள்.’

பஸ் முன்பதிவுகள் கழன்று விழத் தொடங்கின. அப்போதுதான் எனக்கு அந்த வியாபார மூளை வேலை செய்தது. ரூத் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, அவள் படத்தை ஒட்டி, எழுதினேன்: ‘அன்றைக்கு டிவியில் பேசினது நான் இல்லை கண்ணுகளா. கெட்டில் போட்டாச்சு. உங்கள் ரூத்.’

விளையாட்டுக்குத்தான். ஒரே ராத்திரியில் அறுபதாயிரம் இதயம் விழுந்தது. ஈஸ்டர் வரை பஸ் நிரம்பியது.

மறுநாளிலிருந்து ரூத் எல்லோருக்கும் பதில் எழுத ஆரம்பித்தாள். புருஷனை இழந்தவளுக்கு ஆறுதல், அறுவை சிகிச்சைக்குப் போகிறவனுக்கு வாழ்த்து. மார்லீன் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தை என்னோடு சேர்ந்து கவனிப்பவள் அவள்தான். அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில், பூப்போட்ட ஏப்ரனோடு முன்னிருக்கையில் உட்கார்ந்தபடி அவள் சொன்னாள்:

“ஸ்டாவ், நீ ரூத்தா எழுதறது அப்படியே அசல்ப்பா. நேத்து எனக்கு வந்த பதிலைப் படிச்சு அழுதுட்டேன்.”

“நானா? நீதானே எழுதற?”

“போய்யா, கிண்டல் பண்ணாதே.”

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் வியாழக்கிழமை கோரலி எனக்கு போன் செய்திருந்தாள்.

“அதை அழிச்சுடு ஸ்டாவ்,” என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. “என் குரல் எனக்கே சரியாக் கேக்கல. சிகரெட் கேட்டா கடைக்காரன் சிரிக்கறான். ‘ரூத் சிகரெட் பிடிக்க மாட்டாளே’ன்னு சூயிங்கம் குடுக்கறான். விளையாடறான்னு நினைச்சேன். அவன் விளையாடல.”

“ரெண்டு நாள் பொறு கோரலி. சனிக்கிழமை முடியட்டும்.”

“முப்பது வருஷமா அடுத்தவன் எழுதினதைத்தான் பேசியிருக்கேன். அந்த ஒரு வார்த்தைதான் நானாப் பேசினது. அது என்னுது. அதைப் போய் வித்துடாதே.”

நான் வழக்கம்போல் மூன்று எண்ணினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸிலிருந்து கூட்டம் இறங்கியது. புகை மூக்கை எரித்தது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. நொலீன் கடற்கரைக்குப் போயிருந்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள். ஒன்பதாம் எண்ணின் திரைகள் மூடியிருந்தன.

தெருமுனையில் பழைய கார் ஒன்று வந்து நின்றது. கோரலி இறங்கினாள். நரைத்த தலை, பற்றவைக்காத சிகரெட். நேராகக் கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள்.

“அன்னிக்குச் சொன்னது நான்தான்,” என்றாள். “திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. இங்கதான் நிக்கறேன்.”

“எவ இவ? எங்க ரூத் பேரைக் கெடுத்தவளா?” என்றான் ஒருவன்.

“போடி, உன் அரசியல்காரங்களோட போய் நில்லு,” என்றாள் மார்லீன். “நாங்க ரூத்தைப் பாக்க வந்திருக்கோம்.”

கோரலி என்னைப் பார்த்தாள். நான் என் பஸ்ஸைப் பார்த்தேன்.

அப்போது ஒன்பதாம் எண் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது.

முன்கதவு தானாகத் திறந்தது. ஆட்டுக்கறி வேகும் வாசனை வந்தது. அதற்கு அடியில், சூடான விளக்கில் தூசி கருகும் வாசனை. ஸ்டூடியோவில் மட்டும் அடிக்கும் வாசனை அது.

“வா கண்ணு, கெட்டில் போட்டாச்சு.”

கூட்டம் கைதட்டியது. நான் ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்தார்கள். கோரலி மட்டும் என் பக்கம் திரும்பி, “உன் வேலையா?” என்று உதட்டசைவில் கேட்டாள். இல்லையென்று தலையாட்டினேன். அவள் உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

பழுப்புக் கம்பளம் இல்லை. மெஷின் இல்லை. பூனை நாற்றம் இல்லை.

ரூத்தின் சமையலறை.

மூன்று சுவர். நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. அந்த இருட்டுக்குள் ஏராளமான பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு வெப்பம். நான் அண்ணாந்து பார்த்தேன்.

கூரை இல்லை. வானமும் இல்லை.

பாத்திரம் கழுவும் தொட்டி அருகே அவள் நின்றாள். சிவந்த சுருள்முடி, ஏப்ரன். கோரலியின் அதே முகம், ஆனால் அசதி இல்லாத முகம். எங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்த இருட்டைப் பார்த்துத்தான் சிரித்தாள். கேமரா இருக்கும் பக்கம்.

“அன்னிக்குச் சொன்னது...” என்று கோரலி தொடங்கினாள்.

“நான் இல்லை,” என்று ரூத் முடித்தாள்.

இருட்டு பெருமூச்சு விட்டது.

கோரலி மறுபடி வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. ஒரு அடி பின்னால் போனாள். அவளாகப் போகவில்லை, மேசையைத் துடைப்பதுபோல் ஏதோ அவளைத் துடைத்துத் தள்ளியது. அவள் முதுகுக்குப் பின்னால் பின்கதவு திறந்தது.

அங்கே பலகை இல்லை. எதுவும் இல்லை.

கோரலி என் கையிலிருந்த போனைக் காட்டினாள். அழி.

நான் பதிவைத் திறந்தேன். ‘நிச்சயமாக அழிக்க வேண்டுமா?’ என்று போன் கேட்டது.

கேள்வி கேட்டால் நான் என்ன செய்வேன்? வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்று.

ஈஸ்டர் வரை நிரம்பிய பஸ் கண்முன் வந்தது.

இரண்டு.

கோரலியின் கடித்த நகங்கள் கதவு நிலையைப் பற்றின.

மூன்று.

அழுத்தினேன். ‘அழிக்கப்பட்டது’ என்றது போன்.

பின்கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. நிலையைப் பற்றியிருந்த நகங்களைக் காணோம்.

ரூத் முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள். “பரவால்ல கண்ணு,” என்று கிசுகிசுத்தாள். “எல்லாரும் எப்பவோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டாங்க.”

என்னைத் தாண்டி அவள் வெளியே நடந்தாள். தெருவில் எழுந்த ஆரவாரத்தை நான் உள்ளே நின்று, திறந்த கதவு வழியே பார்த்தேன். “எங்க ரூத் வந்துட்டா!” என்று மார்லீன் கட்டிக்கொண்டு அழுதாள். “விக்கெல்லாம் வச்சுக்கிட்டு எங்களுக்காக வந்தியா கண்ணு? மன்னிச்சுட்டோம், போ.” அவளுடைய கடிபடாத நகங்களில் சிவப்புப் பூச்சு பளபளத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. என் காலடியில் பழுப்புக் கம்பளம் இருந்தது. நொலீனின் பூனை என்னை முறைத்தது. கம்பளத்தில் பற்றவைக்காத சிகரெட் ஒன்று கிடந்தது.

அடுத்த வாரம் அதே காலை நிகழ்ச்சியில் கோரலி பின்டர் அழகாக மன்னிப்புக் கேட்டாள். “அன்னிக்குப் பேசினது நான் இல்லை,” என்றாள். நாடே அவளை ஆசீர்வதித்தது. ஐந்து வருட ஒப்பந்தம். முற்றத்தில் கறி சுட்டார்கள், கொடி ஆட்டினார்கள்.

அழித்த பதிவு மறுநாளே திரும்பி வந்திருந்தது. நான் போடவில்லை.

இப்போது ரசிகர் பக்கத்தில் எல்லோரும் பேசுவது வேறு. தொடரில் ரூத் சமையலறையில் தனியாக நிற்கும்போதெல்லாம் பின்கதவை யாரோ தட்டுகிறார்கள். ரூத் திரும்புவதே இல்லை. ‘புதுக் கதாபாத்திரம் வரப்போகுதா?’ என்று பந்தயம் கட்டுகிறார்கள். ஒலிப்பதிவுக்காரன் ஒருவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். “அந்தச் சத்தத்தை நாங்க சேக்கலப்பா,” என்றான். “எடுக்கவும் முடியல.”

போன சனிக்கிழமை பஸ் நிரம்பி வந்தது. நான்தான் ஓட்டினேன், வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? நொலீன் வீட்டைச் சுற்றி அவர்களை நான் கூட்டிப்போனபோது மார்லீன் வேடிக்கைக்காகப் பின்கதவை மூன்று தடவை தட்டினாள்.

உள்ளிருந்து மூன்று தட்டல் பதிலுக்கு வந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். “செம ஏற்பாடு ஸ்டாவ்!” என்றான் ஒருவன்.

நான் மட்டும் கதவோரம் போய், “கோரலி?” என்றேன்.

என்னை அறியாமல் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

அந்தப் பக்கமிருந்து, என் தலை உயரத்துக்கு நேராக, கதவுப் பலகையை நகத்தால் கீறும் சத்தம் கேட்டது.

கடித்துத் தின்ற நகம். கீறல் மெல்லிசாகத்தான் கேட்டது.