நீருக்கடியில் பற்றிய கை

கப்பலிலிருந்து இறங்கி, ஆட்டோ பிடித்து, தென்னைகளுக்கு நடுவே இருந்த மரக்குடிலின் சாவியை வாங்கும்வரை கலைப்பிரியாவுக்குப் பயம் எதுவும் இல்லை. கட்டிலில் இரண்டு தலையணைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதைப் பார்த்ததும்தான் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒன்றை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

போன் அடித்தது. திண்டிவனத்திலிருந்து அக்கா பிரபாவதி.

"இன்னாடி, போய்ச் சேந்துட்டியா? அடுத்த மாசம் கல்யாணம், பொண்ணு அந்தமான்ல மீனோட நீந்தப் போயிருக்குதுன்னு சொன்னா ஊரே சிரிக்கும். ஏரியில முட்டிக்கு மேல எறங்காதவ நீ!"

"அவருதான்க்கா போய்ட்டு வரச் சொன்னாரு."

"அவரு சொல்லுவாரு. நல்ல மனுஷன் கெடச்சிட்டாருன்னு ரொம்ப ஆடாத. ஜல்தி வந்து சேரு."

அந்த நல்ல மனுஷன் சக்கரபாணி. விழுப்புரம் மின்வாரிய அலுவலகத்தில் வேலை. கலைப்பிரியாவுக்கு அதே ஊரில் வங்கி வேலை. தினமும் காலையில் திண்டிவனத்தில் ஒரே ரயிலில் ஏறி, ஒருவருக்கொருவர் இடம் பிடித்துக் கொடுத்துப் பழகியவர்கள். அவர் மனைவியை இழந்தவர், இவள் கணவனை.

கடலுக்கடியில் மீன்களோடு நீந்தும் ஒரு வீடியோவைக் கணவன் செல்வகுமார் அவளுக்குப் போனில் போட்டுக் காட்டிக்கொண்டே இருப்பான். கரும்பு வெட்டி முடிந்ததும் போகலாம் என்பான். ஒவ்வொரு வருஷமும் கரும்பு வெட்டினார்கள், போகவில்லை. பிறகு ஒருநாள் புறவழிச்சாலையில் ஒரு லாரி அவன் பைக்கின் மேல் ஏறியது. அதைச் சொல்லி அவள் ரயிலில் அழுதபோது சக்கரபாணிதான் சொன்னார்: "நீ மட்டுமாச்சும் போய்ட்டு வா கலை. அவருகிட்ட சொல்லிட்டு வா. அப்புறம் நம்ம கல்யாணத்த வச்சிக்கலாம்."

மறுநாள் காலை, முதுகில் காற்று சிலிண்டரை மாட்டி, கழுத்தளவு தண்ணீரில் அவளை நிற்க வைத்துப் பாடம் நடத்தினான் வழிகாட்டி தேவா. மரக்காணத்திலிருந்து பிழைக்க வந்து அந்தத் தீவிலேயே தங்கிவிட்டவன். திண்டிவனம் என்று கேட்டதும் 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது.

"மூக்க மறந்துடுங்கக்கா. வாயாலதான் மூச்சு. நான் பின்னாடி உங்க சிலிண்டரப் புடிச்சிக்கினே வருவேன். உங்களால என்னைப் பாக்க முடியாது. திரும்பித் திரும்பித் தேடாதீங்க."

"அப்ப நீ இருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கையை ஒரு தடவ அழுத்துவேன். நல்லா இருக்கீங்களான்னு கேக்கறேன்னு அர்த்தம். நல்லா இருந்தா நீங்களும் திருப்பி ஒரு தடவ அழுத்துங்க. தண்ணிக்குள்ள அதான் பேச்சு." முகக்கண்ணாடியை அவளுக்குச் சரிசெய்துவிட்டு இன்னொன்றும் சொன்னான். "கூட எறங்குனவங்கள விட்டுட்டு மேல ஏறக்கூடாது. எங்க தொழில்ல அதான் மொத சட்டம்."

கீழே போகப் போகச் சத்தமெல்லாம் செத்துப்போனது. அவளுடைய மூச்சு மட்டும் யாரோ பக்கத்தில் படுத்துத் தூங்குவதுபோலக் காதுக்குள் இழுத்தது, விட்டது. மஞ்சள் மீன்கள் முகத்துக்கு நேராக வந்து ஒதுங்கின. பவளப் பாறைகளைத் தாண்டியதும் தரை சரிந்து, நீலம் கறுத்து, அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

அங்கேதான் அவளுடைய இடது கையை ஒரு கை பற்றியது.

குளிர்ந்த, பெரிய கை. ஒரு தடவை அழுத்தியது.

அவள் திருப்பி அழுத்தினாள்.

அதன்பிறகு அது விடவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்னதால் அவளும் திரும்பவில்லை. மறுபடி கேட்டது, மறுபடி பதில் சொன்னாள். அவ்வளவு ஆழத்தில் அந்தக் கை அவளுக்குத் தெம்பாகக்கூட இருந்தது.

மேலே வந்து படகில் ஏறியதும், "நல்லவேள கையப் புடிச்சிக்கினு வந்தே தம்பி. இல்லாட்டி நான் பாதியிலயே ஏறியிருப்பேன்" என்றாள்.

தேவா காலில் மாட்டியிருந்த துடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "நான் எங்கக்கா புடிச்சேன்? இன்னைக்குத் தண்ணி கண்ணாடியாட்டம் இருந்துது. கையப் புடிக்கிற வேலையே வரல. ரெண்டு கையும் சிலிண்டர்லதான் இருந்துது."

அவன் பயந்துவிட்டான். அவள் பயப்படவில்லை. குடிலுக்கு ஓடிப்போய், அலமாரியிலிருந்த தலையணையை எடுத்து முகத்தை அழுத்திக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக அழுதாள். யார் வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

*

ஊர் திரும்பிய முதல் நாள், ரயில் மயிலம் தாண்டும்போது அந்தக் கை வந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் ஜன்னல் கம்பியைத் தவிர ஒன்றுமில்லை. உள்ளங்கைக்குள் முதலில் குளிர் பரவியது, பிறகு விரல்கள். ஒரு தடவை அழுத்தம். அவள் புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு திருப்பி அழுத்தினாள். எதிரே உட்கார்ந்திருந்த சக்கரபாணி, "இன்னா கலை, தானா சிரிக்கிற?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

அப்படியே சில நாட்கள் போயின. அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். முகூர்த்தப் புடவை எடுக்க அக்கா கூப்பிட்டபோது தலைவலி என்றாள். சக்கரபாணி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் அவளைக் குத்தியது.

ஒருநாள் விக்கிரவாண்டியில் வண்டி நின்றபோது அவர் வேகவைத்த மல்லாட்டை வாங்கி, சூட்டோடு அவள் உள்ளங்கையில் கொட்ட வந்தார். அவர் விரல் படுவதற்குள் அந்தக் கை அவளுடைய கையை நெரித்தது. எலும்பு நொறுங்கும் என்று நினைத்தாள். கடலை தரையெல்லாம் சிதறியது.

"அய்யோ, சுட்டுடுச்சா?" என்று அவர் பதறினார்.

விழுப்புரத்தில் இறங்கி அவர் போனபிறகு, பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். "விடுங்க," என்று மெதுவாகச் சொன்னாள். "நான் நல்லா இருக்கணும்னுதான நீங்க நெனப்பீங்க? அந்த மனுஷன் பாவங்க."

கை பிடியைத் தளர்த்தியது. அவளுடைய புறங்கையின் மேல் ஒவ்வொரு விரலாகச் சாவகாசமாகப் பதிந்தது. சுண்டு விரல். மோதிர விரல். நடுவிரல்.

ஆள்காட்டி விரல்.

செல்வகுமாருக்கு வலது கை ஆள்காட்டி விரலில் மேல்கணு கிடையாது. சின்ன வயதில் கரும்புச்சாறு மிஷினில் போய்விட்டது. அந்த மொட்டை விரலால்தான் அவள் கன்னத்தைத் தட்டி எழுப்புவான்.

இந்த வலது கையில் அந்த விரல் முழுசாக இருந்தது. நுனியில் நீளமாக நகம் இருந்தது.

அது செல்வகுமாரின் கை இல்லை.

வங்கிக்குப் போகாமல் தேவாவுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

"நீங்க திருப்பி அழுத்துனீங்களாக்கா?"

"அழுத்தினேன்."

"போன சீசன்ல ஒருத்தரு தனியா வந்தாரு. நல்லா நீந்தத் தெரிஞ்சவரு. துணைக்கு ஆளு வேணாம்னுட்டு, யார்கிட்டயும் சொல்லாம எறங்கிட்டாரு. அந்தப் பள்ளத்துகிட்டதான். ஊரே தேடுச்சு. கெடைக்கல." அவன் குரல் தாழ்ந்தது. "கீழ ஒருத்தர் கேட்டு இன்னொருத்தர் பதில் சொன்னா அவங்க ஜோடி. விட்டுட்டுப் போவக்கூடாது. இனிமே பதில் சொல்லாதீங்கக்கா. என்ன ஆனாலும் சொல்லாதீங்க."

அவள் சொல்லவில்லை.

அந்தக் கை கேட்டுக்கொண்டே இருந்தது. கவுண்டரில் பணம் எண்ணும்போது, சாதம் வடிக்கும்போது, அக்காவோடு பூக்கடையில் நிற்கும்போது. கோபமாகக் கேட்கவில்லை. நல்லா இருக்கியா? கொஞ்சம் விட்டு, நல்லா இருக்கியா? இருட்டில் கதவுக்கு வெளியே நிற்கும் ஒருவன் உள்ளே ஆள் இருப்பது தெரிந்து தட்டுவதுபோல. பயத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அந்தப் பரிதாபத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை விறைப்பாக வைத்திருந்தாள்.

சக்கரபாணியிடம் சொல்லிவிட ஒருதரம் வாயெடுத்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தீவுல..."

"அவரப் பத்தியா?" என்று அவர் சிரித்தார். "அதெல்லாம் உனக்கும் அவருக்கும் நடுவுல, கலை. எனக்குச் சொல்லணும்னு இல்ல. நான் தப்பா நெனைக்கவே மாட்டேன்."

இப்படி ஒரு மனிதரிடம் அதற்குமேல் எப்படிச் சொல்வது?

*

மயிலம் முருகன் கோயிலில் கல்யாணம். முகூர்த்த நாளென்பதால் மலை முழுக்க மேளச் சத்தம். தாலி கட்டி, மாலை மாற்றி, அவளுடைய வலது சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு சக்கரபாணி பிரகாரம் சுற்றினார்.

இடது பக்கம் அதுவும் கூடவே நடந்தது.

சந்நிதிக்குப் பின்புறம் வந்தபோது அது அழுத்தியது. முன்பெல்லாம்போல விட்டுவிட்டு அல்ல. நீளமாக, விடாமல், ஒரே அழுத்தம். கண்ணில் நீர் முட்டியது. சுண்டு விரலைப் பிடித்திருந்தவரின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். பதில் சொல்லவில்லை.

குளிர் விலகியது. ஒவ்வொரு விரலாக விட்டது.

கை காலியாக இருந்தது. வெறும் காற்றும் வெயிலும் மட்டுமே அதில் பட்டன.

"இன்னாடி அழுவற?" என்று பிரபாவதி அதட்டினாள். "மை எல்லாம் வழியுது பாரு. போட்டோவுல பேயாட்டம் இருப்ப!"

கலைப்பிரியா சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். திரும்பும்போது வேனில் முன்சீட்டில் அக்கா பக்கத்தில், பழத்தட்டை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ஆண்களெல்லாம் பின்சீட்டில். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்யும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, உறவுக்காரர்கள் எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு மயக்கத்தில் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தபிறகு, உள்ளறையில் சக்கரபாணி கட்டிலில் படுத்திருந்தார். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்குத் தைரியம்தான்," என்றார், கண்ணை மூடியபடி, குறும்பாக. "வேன்ல அவ்ளோ பேரு இருக்கறாங்க..."

"இன்னா தைரியங்க?"

"சீட்டு சந்துல கைய விட்டு என் கையப் புடிச்சிக்கினு வந்தியே. கூட்டேரிப்பட்டுலேர்ந்து திண்டிவனம் வர்ற வரைக்கும் விடல. ஐஸாட்டம் இருந்துது உன் கை. பயந்துக்கினு இருக்கியோன்னு நெனச்சேன். அப்ப ஒரு தடவ அழுத்துன பாரு."

அவள் கட்டிலருகே குனிந்தாள்.

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணுவேன்? நானும் திருப்பி அழுத்துனேன்." தூக்கம் அவர் குரலை இழுத்துக்கொண்டு போனது. "சந்தோஷமா இருந்துது..."

"என்னங்க. தூங்காதீங்க. என்னங்க!"

கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு அவருடைய வலது கையைப் பற்றினாள். ஒரு தடவை அழுத்தினாள். அது துணிபோலக் கிடந்தது. மறுபடியும் அழுத்தினாள். தன் பலமெல்லாம் சேர்த்து மறுபடியும்.

பதில் இல்லை.

அந்தப் பக்கம் அவருடைய இடது கை மெத்தையிலிருந்து தானாக மேலே எழும்பியது. மின்விசிறிகூட ஓடாத அந்த அறையில், தண்ணீரில் மிதக்கும் கையைப்போல மெல்ல அசைந்தபடி நின்றது.

அதன் விரல்கள் எதையோ சுற்றி மூடின. ஒரு தடவை அழுத்தின.