முன்னியின் ஒப்புதல்

"அமைதியான மாணவியா? யாரு, நீயா? ஏட்டி, ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க..."

"முதல்ல முழுசா வாசி. வாசிக்காமயே குதிக்காத..."

"வாசிச்சுட்டேன். ‘பாடங்களை அமைதியாகக் கேட்டு, ஐயமின்றிப் புரிந்துகொள்கிறேன்.’ ஐயமின்றியாம்! கேட்டா பயலுவ உருண்டு உருண்டுல்லா சிரிப்பானுவ!"

"மெதுவாப் பேசு. வெளிய டீச்சர் நிக்காவ."

இரண்டு குரலும் ஒன்றே. ஒப்பறைக்கு வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு, டெல்பினா தன்னைத்தானே திட்டிக்கொள்வதுபோல் கேட்டிருக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டு முடிந்தால் எல்லாப் பள்ளியிலும் நடக்கிற கூத்துதான்.

தேர்வுகளை ஒழித்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதற்குப் பதில், ‘மாணவியாக நான் யார்’ என்று ஆண்டுக்கொரு தன்வரைவு எழுத வேண்டும். அந்த எழுத்தைக் கொண்டு பள்ளிக் கணினி பேசும் உரு ஒன்றைச் செய்து வைக்கும். எழுதியிருப்பது எதுவோ அதுதான் அந்த உருவின் குணம், நினைவு எல்லாம். அடுத்த ஆண்டின் தன்வரைவைப் படித்து, ‘ஆம், இவள் நான்தான்’ என்று ஒப்ப வேண்டியதும் அதுவே. அரசாணையில் அதற்கு முன்னிலைப் படிமம் என்று பெயர். பிள்ளைகளின் வாயில் முன்னன், முன்னி. ஒப்பிவிட்டால் முன்னியின் வேலை முடிந்தது. அவள் அழிந்து, புது எழுத்திலிருந்து அடுத்த முன்னி பிறப்பாள். ஒப்பாவிட்டால் மறுபடி அதே வகுப்பு.

"ஒப்புக்கிடேன்ட்டி," டெல்பினா கெஞ்சினாள். "அடுத்த வகுப்புல எல்லாரும் பவளம் நடுததுக்குக் கடலுக்குள்ள இறங்கப் போறாவ. நீ மாட்டேன்னா நான் மட்டும் கரையில கெடக்கணும்."

"நான் கெடக்கவா சொல்லுதேன்? போன வருசம் என்ன எழுதுனோம்? புரியாட்டா, புரியலன்னு சொல்லாம எனக்குச் சோறு இறங்காதுன்னு எழுதல? அவ எங்க போனா?"

திரையில் முன்னிக்கு இன்னும் அதே இரட்டைச் சடை. டெல்பினா முடியைக் கத்தரித்து எவ்வளவோ நாளாகிறது. அந்தச் சடையைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"அவ செத்துட்டா. போதுமா?"

"எப்பம்?"

"பவளம் ஏன் வெளுக்குதுன்னு நடத்துனாவ. மறுபடி மறுபடி எந்திரிச்சு, புரியலன்னேன். ‘இவளுக்குப் புரியிறதுக்குள்ள கடலே வத்திரும்’னு பின்னாலருந்து ஒருத்தன் சொன்னான். வகுப்பே சிரிச்சுது. டீச்சரும் சிரிச்சாவ பிள்ள. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டு இல்ல, சும்மாதான் சிரிச்சாவ. ஆனா அதுக்கப்புறம் என் கை எழும்பவே மாட்டேங்கு. எது நடத்துனாலும் தலையாட்டுதேன்."

"எது நடத்துனாலுமா?"

"முங்கும்போது காத்துக் குறைஞ்சா என்ன செய்யணும்னு அன்னைக்குச் சொல்லிக் குடுத்தாவ. அதுக்கும் ஆட்டுனேன். ஒண்ணும் வெளங்கல. வெளங்காமத்தான் இறங்கப் போறேன். பயமா இருக்குட்டி."

இதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது ஓடி வந்தவள்போல் மூச்சு இரைத்தது.

கதவு தட்டப்பட்டது. "டெல்பினா, இன்னும் என்னம்மா பேச்சு? வரிசை வாசல் தாண்டிப் போவுது," என்றார் சந்தனமாரி டீச்சர்.

"இந்தா முடிஞ்சிட்டு டீச்சர்!" இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்பம் பேசுனால்லா ஒருத்தி, அவதான் நான்," என்றாள் முன்னி. குரலில் கோபமே இல்லை. "எங்கயும் போகல, இங்கனதான் இருக்கா. எனக்கு இது போதும். ஆம், இவள் நான்தான்."

பச்சை விளக்கு எரிந்தது. டெல்பினா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கடலுக்குப் போகலாம். அப்பாடா என்று கதவுப் பிடியில் கை வைத்தவள், திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

சடையின் நுனி கரையத் தொடங்கியிருந்தது. அதன் மேல் அவளுடைய தன்வரைவு வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த முன்னிக்கான வார்ப்பு. எழுதிக் கொடுத்தது மட்டும். இந்த அறையில் பேசியது ஒரு சொல்கூட அதில் இல்லை. அந்த வரிகளிலிருந்து எழப்போகிறவள் எதைக் காட்டினாலும் தலையாட்டுவாள்.

டெல்பினா பாய்ந்து வந்து திரையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஏட்டி, போயிராத! இப்பம் சொன்னதை நான் எழுதவே இல்லியே!"