உம் கொட்டுகிற சத்தம்

ஆளே இல்லாத வீட்டில் பதிவான மௌனத்துக்கு நடுவே யாரோ "ம்" என்றார்கள்.

அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள். மகள் பாப்பாவாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். காய்ச்சல் வந்ததிலிருந்து பாப்பா தூக்கத்தில் முனகிக்கொண்டேதான் இருக்கிறாள். அந்த முனகலுக்குக் காது கொடுத்துக் கொடுத்து இவளுக்குக் கண்ணோடு கண் மூடவில்லை. ஆனால் நேற்று இந்தப் பதிவு ஓடிய நேரத்தில் பாப்பா டாக்டர் அறைக்கு வெளியே இவள் மடியில் கிடந்தாள். பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் சாவி அக்காவின் கைப்பையில் இருந்தது.

பழைய கொலை வழக்குகளைத் தோண்டியெடுத்துச் சொல்கிற பாட்காஸ்ட் அவர்களுடையது. பேசுவது அக்கா. வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்வது இவள். ஸ்டுடியோ என்று வெளியே பீற்றிக்கொண்டாலும் அது இவளுடைய படுக்கையறைச் சுவர் அலமாரிதான். தொங்குகிற துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால் அக்கா அதற்குள் ஒரு முக்காலியைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்துருண்டை நெடியில் தும்மித் தும்மிக் கொலைகாரர்களைப் பற்றிப் பேசுவாள். எல்லாரும் வெளியே கிளம்பும்போது மைக்கை மட்டும் ஓடவிட்டுப் போவார்கள். அந்த வெறும் மௌனத்தைக் கணினிக்குக் காட்டி, இதுதான் இரைச்சல், பேச்சிலிருந்து இதை எடுத்துவிடு என்று சொன்னால் எடுத்துவிடும்.

பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும். இல்லையென்றால் தண்ணீர்க் குழாய். யோசிக்கத் தெம்பு இல்லை. இரைச்சலோடு இரைச்சலாக அதுவும் ஒழியட்டும் என்று மௌனம் முழுவதையும், அந்த "ம்"மையும் சேர்த்தே, கணினிக்குக் காட்டினாள். சாயங்காலத்துக்குள் இந்தப் பாகத்தை வெளியிட்டாக வேண்டும். வெளியே மழை பிடித்திருந்தது. பட்டப்பகலிலேயே கூடத்தில் விளக்குப் போடவேண்டிய இருட்டு. படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. முனகல் சத்தம் கேட்கவில்லை, பாவம், அசந்து தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள்.

அக்கா காலையில் பேசிவைத்த வழக்கு ஓடத் தொடங்கியது. உள்பக்கம் தாழிட்ட ஒரு வீடு. ஒரு தாய், மூச்சுத் திணறடித்துக் கொல்லப்பட்ட அவளுடைய மகள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த தட்டச்சுக்காரி கோர்ட்டில் சொன்ன சாட்சிதான் இத்தனை வருஷமாகியும் ஊர் வாயில் நிற்கிறது. அன்றைக்கு மாலை முழுவதும் அந்தத் தாய் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு வரிக்கும் குழந்தை உம் கொட்டிக்கொண்டிருந்தது என்றாள் அவள். குழந்தை மதியமே செத்துவிட்டது என்றார் டாக்டர். தாய் தன் பங்குக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அது உம் கொட்டிட்டே இருந்துச்சு. நான் எப்படி நிறுத்துவேன்?" நடிக்கிறாள் என்று சிறையில் போட்டார்கள்.

போன வாரம் அக்கா இந்த வழக்கை முதலில் வந்து சொன்னபோது இவளும் அப்படித்தான் சொன்னாள். அம்மாக்காரிதான் பண்ணியிருப்பா, இதுல என்ன பெரிய மர்மம் என்று. சலிப்பில் சொன்னதுதான், ஆனால் அக்கா அதை அப்படியே நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டாள்.

பேச்சு சுத்தமாகியிருந்தது. அளவுக்கு மீறிச் சுத்தம். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், அக்கா மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில், பல் பிடுங்கின ஈறு மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. கணினி எதையோ பிடுங்கியிருக்கிறது. குரலையே தின்றுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், எடுத்துப் போட்டதை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. அதைத் தட்டினாள்.

மழை போன்ற சீறல். மின்விசிறியின் உறுமல். அவற்றுக்கு நடுவில்.

"ம்."

கொஞ்சம் இடைவெளி.

"ம்."

அக்காவின் குரல் அதில் இல்லை. அவள் வாக்கியங்கள் இருந்த இடமெல்லாம் சீறல்தான். ஒவ்வொன்றும் முடிகிற இடத்தில், அடுத்து என்ன என்று கேட்கிற மாதிரி, பொறுமையாக, மைக்குக்கு வெகு அருகில் அந்தச் சத்தம். துணிகளுக்குப் பின்னாலிருந்து.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, காலைல பேசும்போது உன்கூட உள்ள யாராவது இருந்தாங்களா?"

"அந்த அலமாரிலயா? நான் நுழையவே மூச்சைப் பிடிக்கணும்டி. ஏன்?"

"யாரோ உம் கொட்டுறாங்க."

அக்கா சிரித்தாள். பின்னால் ஆபீஸ் சந்தடி கேட்டது. "நீ தூங்கி எத்தனை நாளாச்சு? அந்தத் தட்டச்சுக்கார அம்மா சொன்னதையே நெனச்சிட்டு இருக்கியா?"

"என்ன சொன்னாங்க?"

"உன்கிட்ட சொல்லலையா? அந்தக் கதைய யார்கிட்டயும் சொல்லாதீங்க, சொன்னா கேக்க ஆள் வந்துரும்னாங்க. நல்ல வசனம், கடைசில போடலாம்னு வெச்சிருக்கேன். சரி, பாப்பா எப்படி இருக்கா?"

"தூங்குறா."

"நீயும் போய்ப் படு. நாளைக்கு வெளியிட்டா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது."

போனை வைத்த பிறகுதான் கவனித்தாள். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வழக்கம்போல மைக்கை நிறுத்த மறந்து ஆபீசுக்கு ஓடியிருக்கிறாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம். எதையும் எடுக்காத மூலப் பதிவுக்கு மாறி, ஒன்றுமில்லாத மணிநேரங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அப்புறம் தூரத்தில், கட்டில் பக்கமிருந்து, பாப்பாவின் குரல்.

"அம்மா, கதை சொல்லு."

இன்று மதியம். மருந்து கொடுத்த பிறகு. இவள் குரல் தூக்கத்தில் குழறியபடி ஆரம்பித்தது. ஒரே ஒரு ஊர்ல ஒரு முயல் இருந்துச்சாம்.

"ம்." தூரத்தில், மெலிசாக, பாப்பா.

"ம்." மைக்குக்குப் பக்கத்தில்.

அந்த முயலுக்கு ரொம்பப் பசியாம்.

இரண்டும் சேர்ந்தே உம் கொட்டின. முயல் காட்டுக்குப் போனது. பக்கத்துச் சத்தம் மைக்கை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது. முயல் ஓடையைக் கண்டது. இன்னும் விலகியிருந்தது. ஹேங்கர் ஒன்று கம்பியில் உரசியது. முயல் தண்ணீர் குடித்தது. இப்போது இரண்டு சத்தமும் ஒரே இடத்திலிருந்து வந்தன.

முயல் வீட்டுக்குத் திரும்பியபோது ஒரு சத்தம்தான் இருந்தது.

கதை சொல்கிற இவள் குரல் மட்டும் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பாதித் தூக்கத்தில், சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு "ம்"முக்கும் ஒரு வரி. கடைசியில் அந்த "ம்"மும் ஓய்ந்ததும் எழுந்து வந்துவிட்டாள். பாப்பா தூங்கிவிட்டாள் என்று.

ஹெட்போன் தரையில் விழுந்தது.

படுக்கையறையில் அந்துருண்டை நெடி. அலமாரி திறந்து கிடந்தது. துணிகள் நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு ஆள் வந்துபோகிற இடம் விட்டிருந்தன. பாப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையை வாரியெடுத்துத் தோளில் சாய்த்தாள். தலை அவள் கழுத்தில் விழுந்தது. காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு நன்றாகவே குளிர்ந்திருந்தது.

காய்ச்சல் விட்டால் குளிரத்தானே செய்யும்.

"பாப்பா?"

தோளை மெல்ல உலுக்கினாள்.

"பாப்பா, அம்மாடா. முழிச்சிட்டியா?"

"ம்."

உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அழுகை பொங்கியது. இறுக்கி அணைத்துக்கொண்டாள். பாப்பாவின் வாய் அவள் கழுத்தோடு ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் சூடு இல்லை. மூச்சு படவில்லை.

முகத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ஒரு நொடி வேலை. மூக்கருகே விரலை வைத்தால் தெரிந்துவிடும்.

வைக்கவில்லை. தாழிட்ட வீட்டுக்குள் மாலை முழுவதும் கதை சொல்லிக்கொண்டிருந்த அந்தத் தாயை அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. நடிக்கவில்லை அவள். பாவி, நடிக்கவே இல்லை. சத்தம் வருகிற வரைக்கும் குழந்தை இருக்கிறது. நிறுத்தினால்தான் இல்லை.

அவளுக்குப் பின்னால் மெத்தை மெதுவாக அமுங்கியது. யாரோ சாவகாசமாக உட்காருகிற மாதிரி.

திரும்பவில்லை. பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு ஊர்ல," என்றாள், "ஒரு முயல் இருந்துச்சாம்."

அவள் காதுக்குப் பக்கத்தில், பாப்பாவின் குரலில்,

"ம்."